ஆலைக் கழிவுநீரை எங்கே பரிசோதிக்கலாம்?

கல்முனைக்கு மேற்கே வயலோரக் கிராமம் எங்களுடையது. சிறுபோக அறுவடை முடிந்ததிலிருந்து பக்கத்து அரிசி ஆலை, நெல் ஊறவைத்த தண்ணீரை இரவில் வாய்க்காலில் திறந்துவிடுகிறது. விடியும்போது பழுப்பு நுரையும் புளித்த நாற்றமும். வாய்க்காலை ஒட்டிய கிணறுகளிலும் இப்போது அதே வாடை. வாளியில் பிடித்து வைத்தால் மேலே மெல்லிய ஆடை படிகிறது. உமிச்சாம்பல் வேறு, கொடியில் காயும் துணியெல்லாம் கறுப்புப் புள்ளி.

முதலாளியிடம் பேசினோம், "பார்ப்பம்" என்றார். ஆலையை மூடச் சொல்லவில்லை, எங்கள் ஆட்களும் அங்கேதான் வேலை செய்கிறார்கள். பிஎச்ஐ (பொதுச் சுகாதாரப் பரிசோதகர்) வந்தார், பகலில். வாய்க்கால் சுத்தமாக இருந்தது! பிரதேச சபைக்குக் கையெழுத்து மனு கொடுத்தாயிற்று. சுற்றாடல் பாதுகாப்பு உரிமத்தின் பிரதியை 2016ஆம் ஆண்டின் தகவல் அறியும் உரிமைச் சட்டப்படி கேட்டோம். 14 வேலை நாள் கடந்தும் பதில் இல்லை, மேன்முறையீடு எழுதுகிறோம். இரவில் எடுத்த வீடியோ இருக்கிறது, ஆனால் அதில் நாற்றம் தெரியாதே.

குற்றவியல் நடவடிக்கைமுறைச் சட்டக்கோவையின் 98ஆம் பிரிவின்கீழ், பொதுத்தொல்லை என்று நீதவான் நீதிமன்றம் போக யோசிக்கிறோம். கையில் ஆய்வறிக்கை இருந்தால்தான் பேச்சு எடுபடும்.

மட்டக்களப்பு, அம்பாறைப் பக்கம் பொதுமக்கள் கொடுக்கும் கழிவுநீர் மாதிரியில் பிஓடி, சிஓடி (நீர் எவ்வளவு மாசுபட்டது என்று காட்டும் உயிரியல், இரசாயன ஒட்சிசன் தேவை அளவுகள்) பார்த்து, நீதிமன்றம் ஏற்கக்கூடிய அறிக்கை தரும் ஆய்வுகூடம் எது?