காஷ்மீர்–கன்னியாகுமரி சைக்கிள் பயணம்: வழியில் நம்ம ஊர் வரும்போது வீட்டில் தங்கலாமா?

தென்பெண்ணைக்கரை:
வணக்கம். எனக்கு ஊர் காவேரிப்பட்டினம். வரும் அக்டோபரில் ஸ்ரீநகரிலிருந்து கன்னியாகுமரி வரைக்கும் தனியாக சைக்கிளில் வரப்போகிறேன். முழுக்க 44-ஆம் நம்பர் தேசிய நெடுஞ்சாலைதான், 3,700 கிலோமீட்டருக்கு மேல். டென்ட், துணி, எங்கெங்கே தங்குவது எல்லாம் ஓரளவு முடிவாகிவிட்டது. ஒன்று மட்டும் முடிவாகவில்லை. அந்த ரோடு எங்கள் வீட்டிலிருந்து ஒரு கிலோமீட்டரில் போகிறது. ஊரைத் தொடும்போது இன்னும் 500 கிலோமீட்டருக்கு மேல் பாக்கி இருக்கும். வீட்டுக்குப் போனால் திரும்பக் கிளம்புவேனா என்று பயம். போகாமல் பைபாஸிலேயே தாண்டினால் அம்மாவுக்கு மனசு ஆறாது. நம்ம பக்கத்திலிருந்து போய் வந்தவர்கள் யாராவது இருந்தால் சொல்லுங்கள்.

ராயக்கோட்டை ரோடு:
தம்பி, நான் கிருஷ்ணகிரிதான். 2022-ல் இதே ரோட்டில், இதே திசையில் வந்தேன். அக்டோபர் 3 ஸ்ரீநகர், நவம்பர் 10 கிருஷ்ணகிரி, நவம்பர் 19 கன்னியாகுமரி. வீட்டுக்குப் போ.

நானும் உன்னை மாதிரிதான், பைபாஸில் போய்விடுவது என்றே இருந்தேன். ராம்பன் பக்கம் மண்சரிவில் அரை நாள் நின்றபோதுகூட வீட்டு நினைப்பு பெரிதாக வரவில்லை. மத்தியப் பிரதேசத்தில் சாகருக்கு முன்னால் ஒரு தாபாவில் டி.என். 29, தருமபுரி லாரி ஒன்று நின்றிருந்தது. டிரைவர் காரிமங்கலத்துக்காரர். வண்டி நிழலில் ஸ்டவ் வைத்து ரசம் கொதித்துக்கொண்டிருந்தது. “எந்த ஊருப்பா?” என்றார். சொன்னேன். தட்டை என் பக்கம் தள்ளிவிட்டு, அப்புறம்தான் மற்றதெல்லாம் கேட்டார். பதினேழு நாளாக நேருக்கு நேர் யாரிடமும் தமிழில் பேசியிருக்கவில்லை, வார்த்தை தடுமாறியது. அவர் சில நாளில் ஊர் சேர்ந்துவிடுவார், எனக்கு இன்னும் மூன்று வாரம். அன்றைக்குத்தான் வீடு மனசில் ஏறியது.

ஓசூர் தாண்டியும் முடிவெடுக்கவில்லை. சூளகிரி இறக்கமெல்லாம் முடிந்து கோட்டை மலை கண்ணில் பட்டதும் ஊருக்குள் திருப்பிவிட்டேன்.

அம்மா களி கிண்டியிருந்தார், அவரைக்கொட்டைக் குழம்பு. தட்டில் போட்டதும் கையை வைத்தேன். ஆவி பறக்கிற களி. கட்டைவிரலுக்குச் சுட்டது. மோதிர விரலும் சுண்டுவிரலும் அதே களியில் புதைந்து கிடக்கின்றன, எனக்கு ஒன்றும் தெரியவில்லை. அம்மா பார்த்துவிட்டார். கையைப் பிடித்து இழுத்து, அந்த இரண்டு விரலையும் மாற்றி மாற்றிக் கிள்ளினார். “தெரியுதா சாமி, தெரியுதா?” என்று கேட்டுக்கொண்டே இருந்தார். ஹைதராபாத்துக்கு முன்னாலிருந்தே அந்த விரல்கள் மரத்துத்தான் இருந்தன. நாள் முழுக்க ஹேண்டில்பாரில் உள்ளங்கை அழுந்தினால் அந்த விரல்களுக்குப் போகிற நரம்பு நசுங்கும். தனியாக வரும்போது இதையெல்லாம் யாரும் பார்ப்பதில்லை, நாமும் யாரிடமும் சொல்வதில்லை. பைபாஸில் போயிருந்தால் கன்னியாகுமரி வரைக்கும் அதே கையோடு அப்படியே மிதித்திருப்பேன்.

திரும்பக் கிளம்புவது கஷ்டம்தான், மறைக்கமாட்டேன். ஒரு ராத்திரி என்று போய் இரண்டு ராத்திரி தங்கினேன். நீ முன்னாடியே போனில் நாள், நேரம் சொல்லிவிடு. சைக்கிளில் கட்டிய பையை அவிழ்க்காதே. நான் அவிழ்த்துத் துணியெல்லாம் துவைக்கப் போட்டுவிட்டேன், மழையில் காயவே இல்லை. 12-ஆம் தேதி விடியற்காலை அம்மா கேரியரைப் பிடித்துக்கொண்டே தெருமுனை வரைக்கும் கூட நடந்து வந்தார். ஒரு வார்த்தை பேசவில்லை. எப்போது கையை எடுத்தார் என்று தெரியாது, வண்டி லேசானதும்தான் தெரிந்தது. தருமபுரி வரைக்கும் திரும்பிவிடலாமா என்றே இருந்தது.

கோட்டம் எடுப்பவர்:
தருமபுரியில் சைக்கிள் கடை வைத்திருக்கிறேன். வீட்டு விஷயத்தை அண்ணன் சொல்லிவிட்டார், நான் வண்டியைச் சொல்கிறேன். பாரம் கட்டிய வண்டியில் பின் சக்கரத்து ஸ்போக்ஸ் கம்பிதான் அறும், அதிலும் செயின் பக்கம் அறுந்தால் ஃப்ரீவீலை, அதாவது செயின் ஓடுகிற பல்சக்கரத்தை, கழற்றாமல் புதுக் கம்பி கோக்க முடியாது. அதைக் கழற்றுகிற டூல் உள்ளங்கையில் அடங்கும், கட்டாயம் எடுத்துக்கொள். அந்தந்தப் பக்கத்து அளவில் நாலு நாலு கம்பி போதும். கிளம்புவதற்கு இரண்டு வாரம் முன்னால் சக்கரம் ஆடாமல் நேராகச் சுற்றும்படி கோட்டம் எடுத்துவிட்டு, பாரத்தோடு ஓட்டிப் பார்த்துவிட்டு, இன்னொரு தடவை கோட்டம் பார்க்கவேண்டும். இரண்டாவது தடவையை எல்லோரும் விட்டுவிடுகிறார்கள்.

அப்புறம் பஞ்சர். நெடுஞ்சாலை ஓரத்தில் ஆணியைவிட மோசமானது, வெடித்த லாரி டயரிலிருந்து உதிர்கிற கம்பி. முடி மாதிரி இருக்கும், கண்ணுக்குத் தெரியாது. டியூபை ஒட்டிவிட்டு டயருக்குள் விரலால் தடவிப் பார்க்காமல் மாட்டினால் பத்து நிமிஷத்தில் மறுபடி காற்றுப் போகும். புருவம் எடுக்கிற சின்ன இடுக்கி ஒன்று பையில் இருக்கட்டும்.

தொப்பூர் இறக்கத்தை வெயில் ஏறுவதற்குள் இறங்கிவிடு. நியூட்ரலில் விட்டு பிரேக் பிடிக்காமல் வருகிற லாரி எத்தனையோ உயிரை வாங்கிய இடம் அது. பிரேக்கைப் பிடித்தபடியே இறங்காதே, ரிம் சூடேறும். விட்டு விட்டுப் பிடி, நடுவில் நிறுத்தி ரிம்மைத் தொட்டுப் பார். இருட்டிலும் மழையிலும் வேண்டவே வேண்டாம்.

தென்பெண்ணைக்கரை:
ரொம்ப நன்றி அண்ணா, இரண்டு பேருக்கும். வீட்டுக்குப் போகிறேன், ஒரே ராத்திரி. அம்மாவிடம் இப்போதே சொல்லிவிட்டேன். ராயக்கோட்டை ரோடு அண்ணா, விரல் சரியாகிவிட்டதா?

ராயக்கோட்டை ரோடு:
ஆச்சு தம்பி. ஜனவரி கடைசி வரைக்கும் இழுத்தது. அதுவரை சட்டைப் பொத்தான் போட இடது கைதான். முதலில் சுண்டுவிரல் நுனியில் ஊசி குத்துகிற மாதிரி வந்தது, அப்புறம் மெல்ல உணர்ச்சி திரும்பியது. வீட்டிலிருந்து கிளம்பும் முன்னால் ஹேண்டில்பாரை இரண்டு விரல் உயரம் தூக்கி, பழைய டியூபைப் பிடியில் சுற்றினேன். பத்து நிமிஷத்துக்கு ஒருமுறை கையை மாற்றி மாற்றி வைத்தேன். அதற்கு மேல் மோசமாகவில்லை. நீ இதை ஸ்ரீநகரிலேயே செய்துவிடு. மரத்துப்போனால் அன்றைக்கே வீட்டுக்குப் போன் போட்டுச் சொல்.