புதுப்பிப்பு: ‘தெசலியெந்தோ’வுக்குச் சொல் கிடைத்தது, ‘பேனா’வில் சறுக்கினேன்

ஸ்பானிய மொழியின் ‘தெசானிமோ’, ‘தெசலியெந்தோ’ இரண்டுக்கும் அகராதி ‘டிஸ்கரேஜ்மென்ட்’ என்றே ஆங்கிலம் தருகிறதே, எப்படிப் பிரிப்பது என்று போன வாரம் கேட்டிருந்தேன். ஒரு மெக்சிகோக்காரரின் பழைய கடிதங்களை ஆங்கிலத்தில் பெயர்க்கும் வேலை.

ஒன்று தீர்ந்தது. ‘தெசலியெந்தோ’வுக்குள் இருக்கும் ‘அலியெந்தோ’ என்றால் மூச்சு; முன்னால் வரும் ‘தெஸ்’ அது இல்லாமல் போனதைக் காட்டும். ஆங்கில ‘ஸ்பிரிட்’டுக்கு மூலமான லத்தீன் சொல்லுக்கும் மூச்சு என்ற பொருள் உண்டு. ஆகவே ‘டிஸ்பிரிட்டட்’ என்று போட்டேன், கச்சிதமாக உட்கார்ந்துவிட்டது. ‘தெசானிமோ’வுக்குப் பழைய ‘டிஸ்கரேஜ்மென்ட்’டே இருக்கட்டும். ஓடுகிறவரைப் பார்த்து ‘ஆனிமோ!’ என்று கத்துவார்களே, அந்த ஊக்கம் வற்றிய நிலைதான் அது.

அப்புறம் ஒரு திருத்தம். ‘மே தா பேனா’ என்பதை ‘எனக்கு வருத்தமாக இருக்கிறது’ என்ற பொருளில் பெயர்த்துக் காட்டியிருந்தேன். (தமிழ்க் கண்ணுக்கு முதலில் எழுதுகிற பேனாதான் தெரியும்!) ஸ்பெயினில் என்றால் அது சரி. மெக்சிகோ, கொலம்பியா பக்கம் பெரும்பாலும் ‘கூச்சமாக இருக்கிறது’ என்று அர்த்தம். கடிதம் எழுதியவர் தன் தம்பியிடம் கடன் கேட்கிற இடம் அது, கூச்சம்தானே வரும்! ‘எம்பாரஸ்ட்’ என்று மாற்றிவிட்டேன்.

‘தெசெங்கான்யோ’ மட்டும் இன்னும் இழுக்கிறது. ஏமாற்றம், கண் திறப்பு இரண்டும் அதற்குள் இருக்கின்றன. ‘டிஸப்பாயின்ட்மென்ட்’ போட்டால் பாதி போய்விடும். இப்போதைக்கு ‘டிஸில்யூஷன்மென்ட்’, அரை மனதோடு.