கரண்ட் வைத்து ஆறு வருஷம் கழித்து அப்பாவுக்கு மூத்திரத்தில் ரத்தம்

தக்கலை_மகள்:
அப்பாவுக்கு 71 வயது. குலசேகரம் பக்கம் ரப்பர் பால் வெட்டுகிறவர். புராஸ்டேட் புற்றுநோய்க்குத் திருவனந்தபுரம் ஆர்.சி.சி. புற்றுநோய் ஆஸ்பத்திரியில் கரண்ட், அதாவது கதிர் சிகிச்சை, வைத்தார்கள். அதற்கப்புறம் ரத்தச் சோதனையில் பி.எஸ்.ஏ. அளவு ஏறவே இல்லை, நிம்மதியாக இருந்தோம். போன மாதம் பால் வெட்டிவிட்டு வந்து குளிமுறிக்குள் போனவர், "மக்களே, இங்க வந்து பாரு" என்று கூப்பிட்டார். வெள்ளை டைல்ஸில் செக்கச்செவேல் என்று ரத்தம். பக்கத்து கிளினிக்கில் நீர்க்கடுப்பு என்று சொல்லி, மூத்திரத்தில் கிருமி இருக்கிறதா என்று பார்க்கிற கல்ச்சர்கூட அனுப்பாமல் ஆன்டிபயாட்டிக்கை மாற்றி மாற்றிக் கொடுத்தார்கள். ஒரு ராத்திரி ஈரல் துண்டு மாதிரி ரத்தக்கட்டி வந்து அடைத்துக்கொண்டது. அடிவயிறு கல்லாகிவிட்டது, சொட்டுகூட வரவில்லை. ஆம்புலன்ஸில் கொண்டுபோய் ட்யூப் போட்டுக் கழுவிய பிறகுதான் மூச்சு வந்தது. புற்றுநோய் திரும்பிவிட்டதா? இதயத்துக்கு, ரத்தம் உறையாமல் இருக்க க்ளோபிடோக்ரெல் மாத்திரை சாப்பிடுகிறார், அதை நிறுத்தச் சொல்கிறார் சித்தப்பா.

ஓய்வுபெற்ற_சிஸ்டர்:
தங்கச்சி, முதலில் அந்த மாத்திரையை நீங்களாக நிறுத்தாதீர்கள். ஸ்டென்ட் வைத்தவராக இருந்தால் உயிருக்கே ஆபத்து. யூராலஜி டாக்டரும் இதய டாக்டரும் பேசி முடிவு செய்யட்டும்.

யூராலஜி வார்டில் இதை நிறையப் பார்த்திருக்கிறேன். கதிர் பட்ட நீர்ப்பையில் சின்ன ரத்தக்குழாய்கள் வருஷக்கணக்கில் மெல்ல அடைபடும். ரத்த ஓட்டம் குறைந்த இடத்தில் புதிதாக முளைக்கிற குழாய்கள் லேசில் உடையும். பத்து வருஷம் கழித்துக்கூட வரலாம். ஆனால் பி.எஸ்.ஏ. நன்றாக இருக்கிறது என்று சும்மா இருக்கக் கூடாது. அது புராஸ்டேட்டுக்கான சோதனை, நீர்ப்பையைப் பற்றிச் சொல்லாது. கதிர் வைத்தவர்களுக்கு நீர்ப்பையில் புற்றுநோய் வரும் வாய்ப்பு கொஞ்சம் கூடுதல், பீடி குடித்தவர் என்றால் இன்னும் கூடும். அதனால் நீர்ப்பைக்குள் ஸ்கோப் (கேமராக் குழாய்) விட்டுப் பார்த்தே ஆக வேண்டும், யூரின் கல்ச்சரும் வேண்டும். மறுபடி கட்டி வந்து அடைத்தால் விடியட்டும் என்று காத்திருக்காதீர்கள், ராத்திரியே கிளம்புங்கள்.

மார்த்தாண்டம்காரன்:
எனக்கும் இதே கதைதான். நீர்ப்பைக்குள் ரத்தம் கசிந்த இடத்தைச் சுட்டுவிட்டார்கள், சில மாதம் நின்றது, பிறகு மறுபடி வந்தது. அப்புறம் ஆக்சிஜன் அறைக்கு அனுப்பினார்கள். அழுத்தம் கூட்டிய அறையில் சுத்த ஆக்சிஜனைச் சுவாசிக்க வேண்டும், ஒரு தடவைக்கு ஒன்றரை மணி நேரம், மொத்தம் 30 முதல் 40 தடவை. காது வலிக்கும், செலவும் அலைச்சலும் அதிகம். ஸ்வீடன் பக்கத்து நாடுகளில் நடந்த ஆய்வு ஒன்று 2019-ல் வந்தது, அதில் நல்ல பலன் தெரிந்தது என்று என் டாக்டர் சொன்னார். எல்லோருக்கும் கேட்கும் என்று இல்லை, எனக்குக் கேட்டது.

இன்னொன்று, அப்பாவுக்கு நீர் நூல் மாதிரி வருகிறதா, முக்கித்தான் போகிறாரா என்று கேளுங்கள். கதிரால் நீர்க்குழாயும் சுருங்கும். ஆண்பிள்ளைகள் இதையெல்லாம் மகளிடம் தானாகச் சொல்ல மாட்டோம்.

தக்கலை_மகள்:
கேட்டேன் அண்ணே. ரொம்ப நாளாக முக்கித்தான் போகிறாராம். ஆசாரிப்பள்ளம் மெடிக்கல் காலேஜ் ஆஸ்பத்திரியில் ஸ்கோப்புக்கு எழுதிக் கொடுத்திருக்கிறார்கள். மலத்திலும் எப்போதாவது ரத்தம் வருமாம், இப்போதுதான் சொல்கிறார். குடலையும் பார்க்கச் சொல்லட்டுமா?

ஓய்வுபெற்ற_சிஸ்டர்:
கட்டாயம் சொல்லுங்கள். குடலுக்குள் ஸ்கோப் விட்டுப் பார்க்கிற கொலனோஸ்கோப்பி செய்கிறவரிடம் புராஸ்டேட்டுக்குக் கரண்ட் வைத்ததை முதல் வார்த்தையாகச் சொல்லிவிடுங்கள். மலக்குடலின் முன்சுவரில், கதிர் பட்ட இடத்தில் பயாப்சிக்கு (சோதனைக்கு) சதை எடுத்தால் ஆறாமல் ஓட்டை விழுந்து நீர்ப்பாதையோடு சேர்ந்துவிடும் அபாயம் உண்டு. பழைய ஆர்.சி.சி. ஃபைலைக் கையோடு கொண்டு போங்கள்.