ஸ்டிக் தானா நகருது, சரி பண்றதா புதுசு வாங்குறதா?

கேள்வி:
ஒன்றரை வருஷமா வச்சிருக்கற கேம் பேட்ங்க (கன்ட்ரோலர்). லெஃப்ட் ஸ்டிக்கைத் தொடவே இல்ல, ஆனா கேம்ல ஆளு மெல்ல இடதுபக்கமா நடந்துட்டே இருக்கான், நேத்து பாலத்து மேல நிறுத்திட்டு தண்ணி குடிக்கப் போயிட்டு வந்து பார்த்தா ஆத்துக்குள்ள கிடக்கான். டெட்ஸோன் (ஸ்டிக் லேசா அசைஞ்சா கேம் கண்டுக்காத அளவு) ஏத்தினா நிக்குது, ஆனா லேசா தள்ளுனா அசையவே மாட்டேங்குது, எய்ம் பண்ணவே முடியல. கடையில கேட்டா வாரண்டி முடிஞ்சுருச்சு, புதுசு வாங்குங்கன்றாங்க. என்ன பண்ணலாம்?

சால்டர்சாமி:
கழட்டிப் பாருங்க, ஸ்டிக்கோட ரெண்டு பக்கத்துல குட்டிக் குட்டியா ரெண்டு டப்பா ஒட்டியிருக்கும், பொடென்ஷியோமீட்டர், ஒண்ணு மேல கீழ, இன்னொண்ணு இடம் வலம். உள்ள கார்பன் பூச்சு, அது மேல ஒரு மெட்டல் நாக்கு உரசிட்டே இருக்கும். பழைய ரேடியோவுல வால்யூம் திருகினா கரகரன்னு கேக்குமே, அதே வியாதிதான். கான்டாக்ட் கிளீனர் ரெண்டு சொட்டு விட்டு ஸ்டிக்கை நல்லா சுத்துங்க, தூசியா இருந்தா சரியாகும், பூச்சே தேஞ்சிருந்தா திரும்ப வரும்.

பட்டன்பாண்டி:
கடுப்பாகறது எதுக்குன்னா, 1998ல வந்த ட்ரீம்காஸ்ட் கேம் கன்சோலோட பேட்லயே செகா கம்பெனிக்காரன் ஹால் சென்சார் வச்சுட்டான்! காந்தம் ஒரு பக்கம், சென்சார் ஒரு பக்கம், உரசலே கிடையாது, தேய என்ன இருக்கு? ஆனா சோனி பிஎஸ்5 பேடான டூயல்சென்ஸ்ல ட்ரிகருக்குள்ள மோட்டாரெல்லாம் வச்சு வில் இழுக்கற மாதிரி இறுக்கம் குடுக்கறான், ஸ்டிக் மட்டும் அதே உரசற சமாச்சாரம். பேசாம ஹால் பேடே வாங்கிடுங்க.

சால்டர்சாமி:
@பட்டன்பாண்டி ஹால்னா சாகாதுன்னு சொல்லிடாதீங்க தல. ஸ்டிக்கை நடுவுக்குக் கொண்டு வர்றது ஸ்பிரிங், அது தளர்ந்தா காந்தம் இருந்தும் ஆளு நடக்கத்தான் செய்வான். டிஎம்ஆர்னு இன்னொரு சென்சார் வந்திருக்கு, அதுவும் காந்தம்தான், கரன்ட் கம்மியா இழுக்கும், வயர்லெஸ்ல அதான் லாபம். பழைய பேட்ல இந்த மாதிரி ஸ்டிக்கை மாட்டறதா இருந்தா ஒரு ஸ்டிக்குக்கு மொத்தம் 14 கால் (போர்டுல பத்தவச்சிருக்கற கம்பி), எல்லாத்துலயும் ஈயத்தை உறிஞ்சி எடுக்கணும், அவசரப்பட்டு இழுத்தா போர்டுல இருக்கற செம்புத்தடம் பிஞ்சு வந்துரும் (முதல் பேட்ல எனக்கு அதான் ஆச்சு). மாட்டினதும் கேலிபரேட் பண்ணணும் (நடு எதுன்னு பேடுக்குச் சொல்லிக் குடுக்கணும்), இல்லேன்னா புது ஸ்டிக்கும் கோணலாத்தான் நிக்கும்.

கேள்வி கேட்டவர்:
கிளீனர் விட்டேன் ணா, இப்போதைக்கு ஆளு அசையாம நிக்கறான். 14 கால்னு படிச்சதுமே கை நடுங்குது, மறுபடி ஆரம்பிச்சா உங்களுக்கே கூரியர்ல அனுப்பிடறேன் 😅