எனக்குப் பொம்மசந்திரா, மனைவிக்குச் சூளகிரி: ஓசூரில் எந்தப் பக்கம் வீடு பார்ப்பது?

கேட்டவர்: கிருஷ்ணகிரிக்காரன்

அனைவருக்கும் வணக்கம். நான் கிருஷ்ணகிரி நகரில் குடியிருந்துகொண்டு, எல்லைக்கு அப்பால் பெங்களூர்ப் பக்கம் பொம்மசந்திராவில் உள்ள ஓர் உதிரிபாகத் தொழிற்சாலைக்கு ஆறு ஆண்டுகளாகத் தினமும் பேருந்தில் போய் வருகிறேன். போக 65, வர 65 என்று நாளொன்றுக்கு 130 கிலோமீட்டர். காலை ஐந்தேகாலுக்கு வீட்டை விட்டுக் கிளம்பினால் இரவு எட்டரைக்குத்தான் திரும்புகிறேன். மூன்றாம் வகுப்பு படிக்கும் மகன் விழித்திருக்கும்போது என்னைப் பார்ப்பது பெரும்பாலும் ஞாயிற்றுக்கிழமைகளில்தான்.

என் மனைவி சூளகிரிக்கு அருகில் ஒரு கிராமத்து அரசுப் பள்ளியில் ஆசிரியை. கிருஷ்ணகிரியிலிருந்து சூளகிரி எவ்வளவு தொலைவோ, ஓசூரிலிருந்தும் ஏறக்குறைய அவ்வளவுதான். ஆகவே ஓசூருக்குக் குடிபெயர்ந்தால் அவருக்கு இழப்பில்லை, எனக்கோ நாளொன்றுக்கு நூறு கிலோமீட்டர் மிச்சம். எங்களுடன் இருக்கும் அம்மாவுக்கு வயது 68. முழங்கால் வலியும் மூச்சிரைப்பும் உண்டு.

சென்ற ஞாயிற்றுக்கிழமை நான்கு இடங்களைப் பார்த்து வந்தோம். மூக்கண்டப்பள்ளி என் வேலைக்கு மிக அருகில் இருக்கிறது. பாகலூர் சாலையில் அட்கோ பகுதி ஒழுங்காகத் தெருப் பிரித்த பழைய குடியிருப்பாகத் தெரிந்தது. மத்திகிரியில் மரங்களைப் பார்த்ததும் அம்மாவுக்கு அங்கேயே இருந்துவிடலாம் என்று தோன்றிவிட்டது. ராயக்கோட்டை சாலையில் ஒரு தரகர் புதிய மனைப்பிரிவு ஒன்றைக் காட்டி, இப்போது வாங்காவிட்டால் எப்போதும் வாங்க முடியாது என்றார். வாடகைக்கு மாதம் 14,000 ரூபாய் வரை கொடுக்க முடியும். சொந்தமாக வாங்குவதென்றால் வங்கிக் கடனையும் சேர்த்து 45 லட்சம்தான் எல்லை. எந்தப் பகுதி பொருந்தும், முதலில் வாடகையா அல்லது நேராக வாங்கிவிடலாமா என்பதை அங்கே குடியிருப்பவர்கள் சொன்னால் உதவியாக இருக்கும்.

பதில் 1: மூக்கண்டப்பள்ளி வாசி

நண்பரே, ஓசூரை ஞாயிற்றுக்கிழமை பார்த்ததுதான் நீங்கள் செய்த முதல் தவறு. இந்த ஊரில் கிலோமீட்டர் கணக்கு உதவாது. காலையில் நாம் எத்தனை சந்திப்புகளைக் கடக்க வேண்டும், கூட்டம் போகும் திசையில் போகிறோமா எதிர்த்திசையில் போகிறோமா என்பதுதான் கணக்கு. தேசிய நெடுஞ்சாலை 44 ஊரை இரண்டாகப் பிளந்துகொண்டு போகிறது. மேற்கு முனையில் ஜூஜூவாடி, அதற்கு அப்பால் அத்திப்பள்ளி, அதாவது கர்நாடகம். சிப்காட் தொழிற்பேட்டையில் ஒரு ஷிப்டு ஏறி இன்னொரு ஷிப்டு இறங்கும் நேரத்தில், நிறுவனப் பேருந்துகளும் இருசக்கர வாகனங்களும் சேர்ந்து அணுகுசாலையை அடைத்துவிடும். பேருந்து நிலையத்திலிருந்து தர்கா வரை வருவதற்குள் நமக்குப் பொறுமை போய்விடும்.

நான் 11 ஆண்டுகளாக மூக்கண்டப்பள்ளியில் இருக்கிறேன். உங்கள் ஒருவருடைய வேலையை மட்டும் பார்த்தால் இதைவிட நல்ல இடம் இல்லை. ஆனால் உங்கள் அம்மாவை இங்கே அழைத்து வராதீர்கள். வெள்ளைச் சட்டையைக் காலையில் மாடியில் காயப்போட்டு மாலையில் எடுத்தால், தோள்பட்டை மடிப்பில் மெல்லிய கரும்பொடி படிந்திருக்கும். விரலால் தட்டினால் போகாது, தேய்த்தால் பரவும். துணியில் படிவது நெஞ்சிலும் படியத்தானே செய்யும்? மேலும் இங்கே பாதி வீடுகள் வெளிமாநிலத் தொழிலாளர்களுக்கு அறை அறையாக வாடகைக்கு விடுவதற்கென்றே கட்டப்பட்டவை. குடும்பத்துக்கென்று காற்றோட்டமான வீடு அமைவது அரிது.

மெட்ரோவைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன், ஏனெனில் எல்லாத் தரகர்களும் அதைச் சொல்வார்கள். ஆர்.வி. சாலையிலிருந்து பொம்மசந்திரா வரையிலான மஞ்சள் தடம் 2025 ஆகஸ்டு 10 அன்று திறக்கப்பட்டது. ஏறக்குறைய 19 கிலோமீட்டர், 16 நிலையங்கள். பெங்களூருக்கு உள்ளே வேலை பார்க்கும் ஓசூர்வாசிகளுக்கு இது பெரிய ஆறுதல். பெங்களூரின் சில்க் போர்டு சந்திப்பு நெரிசலில் நிற்பதற்குப் பதிலாகப் பொம்மசந்திராவில் வண்டியை நிறுத்திவிட்டு ரயில் ஏறுகிறார்கள். ஆனால் அது ஓசூருக்கு நீளும் என்பது இன்னும் ஆய்வறிக்கை அளவில்தான் இருக்கிறது. பெங்களூர் மெட்ரோ தண்டவாளத்தை ஒட்டிய மூன்றாம் தடத்தில் 750 வோல்ட் நேர்மின்சாரத்தில் ஓடுகிறது. சென்னை மெட்ரோவின் முறையோ மேல்நிலைக் கம்பியில் 25,000 வோல்ட் மாறுமின்சாரம். எந்த முறையில் கட்டுவது என்பதே இரு மாநிலங்களுக்கும் இடையே பேசித் தீர்க்க வேண்டிய விஷயம். ஆகவே வராத ரயிலுக்கு இன்றைக்கே விலை கொடுக்காதீர்கள்.

இன்னொன்று, எல்லை தாண்டி வேலைக்குப் போகிறவர்களுக்கு மட்டுமே புரியும் தொல்லை. காவிரிப் பிரச்சினை சூடேறினால் பேருந்துகள் எல்லையோடு நின்றுவிடும். 2016 செப்டம்பரில் நாங்கள் ஜூஜூவாடியிலிருந்து அத்திப்பள்ளிக்கு மதிய உணவுப் பையைத் தோளில் மாட்டிக்கொண்டு நடந்தோம். ஆண்டுதோறும் நடப்பதில்லை. ஆனால் நடக்கும்போது முன்னறிவிப்பும் இருப்பதில்லை.

பதில் 2: மத்திகிரி ஆசிரியை (பணி ஓய்வு)

தம்பி, உங்கள் அம்மாவின் மனம் மத்திகிரியில் நின்றதில் வியப்பில்லை. இங்குள்ள கால்நடைப் பண்ணை 1824இல் தொடங்கப்பட்டது. 1,600 ஏக்கருக்கு மேல் பரந்து கிடப்பதால், வீடுகள் நெருங்கி வந்தாலும் காற்றுக்கு இன்னும் வழி இருக்கிறது. காலையில் நடப்பதற்கு நிழல் உண்டு. நான் ஓய்வு பெற்ற பிறகு இங்கேயே தங்கிவிட்டதற்கு அந்த மரங்களும் ஒரு காரணம்.

ஆனால் உங்கள் வீட்டு நிலையை யோசித்தால் எனக்குத் தயக்கம் வருகிறது. மத்திகிரி ரயில் பாதைக்கு அப்பால் ஊரின் தெற்கே இருக்கிறது. உங்கள் மனைவி சூளகிரிக்குப் போக வேண்டுமென்றால், முதலில் இங்கிருந்து ஓசூர் பேருந்து நிலையத்துக்கு ஒரு பேருந்து, அங்கிருந்து கிருஷ்ணகிரி மார்க்கத்தில் இன்னொன்று, இறங்கியபின் அந்தக் கிராமத்துக்கு ஒரு ஷேர் ஆட்டோ. மாலையிலும் அதே சுற்று. ஆசிரியை வேலையில் காலை வழிபாட்டு நேரத்துக்குள் போய்ச் சேர வேண்டிய பதற்றம் என்ன என்பதை நான் முப்பது ஆண்டுகள் அனுபவித்தவள். நீங்கள் உங்களுக்கு மிச்சமாகும் நூறு கிலோமீட்டரை எழுதியிருக்கிறீர்கள். அவருக்கு இழப்பில்லை என்று ஒரே வரியில் முடித்துவிட்டீர்கள். வீடு எந்தத் தெருவில் அமைகிறது என்பதைப் பொறுத்து அவருக்கு நாளொன்றுக்கு ஒரு மணி நேரம் கூடலாம். அவரிடம் தனியாகக் கேளுங்கள்.

தண்ணீரைப் பற்றி எல்லாரும் மேலோட்டமாகப் பேசுவார்கள், நான் சற்று விரிவாகச் சொல்கிறேன். கிருஷ்ணகிரி, தருமபுரி ஆகிய நம் இரு மாவட்டங்களிலும் நிலத்தடி நீரில் புளூரைடு அதிகம் என்பது உங்களுக்குத் தெரிந்ததே. தருமபுரிப் பக்கத்துப் பிள்ளைகளின் பற்களில் பழுப்புக் கறையைப் பார்த்துத்தானே வளர்ந்தோம். அதற்காகவே ஜப்பானிய நிதியுதவியோடு ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டம் கொண்டுவரப்பட்டு 2013 மே மாதம் தொடங்கிவைக்கப்பட்டது. ஓசூருக்கும் அந்த நீர் வருகிறது. ஆனால் தெருவுக்குத் தெரு முறை மாறும். ஒரு தெருவில் குடிக்கவும் சமைக்கவும் போதுமான அளவு வரும். பக்கத்துத் தெருவில் ஆழ்துளைக் கிணற்று நீரையும் லாரித் தண்ணீரையும் நம்பியிருப்பார்கள். வீடு பார்க்கப் போகும்போது வீட்டுக்காரரிடம் தண்ணீர் வருமா என்று கேட்காதீர்கள், வரும் என்றுதான் சொல்வார். அடுப்படிக்குள் போய், அவர்கள் தினமும் வெந்நீர் வைக்கும் பாத்திரத்தின் அடியைப் பாருங்கள். சுண்ணாம்பு அடித்ததுபோல் வெள்ளைப் படிவு கெட்டியாக இருந்தால், அந்த வீட்டில் ஆற்று நீர் எவ்வளவு வருகிறது என்பது தெரிந்துவிடும்.

மூச்சிரைப்புக்கு இன்னொரு எச்சரிக்கை. ஓசூர் ஏறக்குறைய 900 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. கிருஷ்ணகிரி வெயிலில் பழகியவர்களுக்குக் கோடை இதமாக இருக்கும், ஆனால் கார்த்திகை, மார்கழிப் பனி அப்படி இருக்காது. கிழக்கு வெயில் விழும் தரைத்தள வீடாகப் பாருங்கள். பாகலூர் சாலையில் பார்ப்பதென்றால் ஊருக்கு அருகிலேயே பாருங்கள். தொலைவாகப் போய்த் தென்பெண்ணையை நெருங்கினால், பெங்களூரின் கழிவு கலந்து வரும் நீர் கெலவரப்பள்ளி அணையில் நுரையாகப் பொங்கும் நாட்களில் நாற்றம் காற்றோடு வரும்.

பதில் 3: பத்திர வேலை பார்ப்பவன்

ஐயா, வாடகையா வாங்குவதா என்ற கேள்விக்கு மட்டும் பதில் சொல்கிறேன். குறைந்தது ஒரு மழைக்காலம் முடியும் வரை வாடகையில் இருங்கள். இந்த ஊர் ஏரிகளுக்கு இடையே வளர்ந்த ஊர். வெயிலில் சமதளமாகத் தெரியும் மனை, ஐப்பசியில் கால்வாயின் பழைய வழியாக மாறிவிடும். 2024 டிசம்பர் தொடக்கத்தில் நம் மாவட்டத்து ஊத்தங்கரையில் ஒரே நாளில் 50 சென்டிமீட்டர் மழை கொட்டி வாகனங்கள் அடித்துச் செல்லப்பட்டதை நீங்களும் பார்த்திருப்பீர்கள். வண்ணத்தில் அச்சடித்த மனை வரைபடத்தில் ஓடை இருக்காது, கிராம நிர்வாக அலுவலரிடம் உள்ள புலப்படத்தில் இருக்கும்.

நானே ஏமாந்தவன் என்பதால் இதைச் சொல்கிறேன். 2012இல் ஒரு மனை வாங்கினேன். வரைபடத்தில் என் மனைக்கு எதிரே பச்சை நிறத்தில் பூங்கா. மூன்றாவது ஆண்டில் அந்தப் பூங்காவை நான்கு மனைகளாக விற்றுவிட்டார்கள். ஊராட்சி முத்திரை மட்டும் இருந்த மனைப்பிரிவு அது. 2016 அக்டோபர் 20ஆம் தேதிக்கு முன்பே பத்திரம் பதிவாகியிருந்ததால், ஒப்புதல் இல்லாத மனைகளை முறைப்படுத்த 2017இல் அரசு கொண்டுவந்த வரன்முறைத் திட்டத்தில் கட்டணம் கட்டி என் மனையை மட்டும் காப்பாற்றிக்கொண்டேன். பத்திரம் எழுதும் தொழிலில் இருப்பவனுக்கே இந்தக் கதி.

ராயக்கோட்டை சாலை மனையைப் பற்றித் தரகரிடம் மூன்று காகிதங்களைக் கேளுங்கள். நகர் ஊரமைப்பு இயக்ககத்தின் ஒப்புதல் எண், ரியல் எஸ்டேட் ஒழுங்குமுறை ஆணையத்தின் பதிவு எண், 30 ஆண்டுகளுக்கான வில்லங்கச் சான்று. மனைப்பிரிவின் மொத்த நிலப்பரப்பு 500 சதுர மீட்டரைத் தாண்டினால் ஆணையத்தில் பதிவு செய்யாமல் விளம்பரம் செய்வதே சட்டப்படி தவறு. எண்ணைத் துண்டறிக்கையில் நம்பாமல் ஆணையத்தின் இணையதளத்தில் நீங்களே தேடிப் பாருங்கள். பத்திரச் செலவையும் 45 லட்சத்துக்குள் அடக்க வேண்டும். முத்திரைத் தீர்வை 7 விழுக்காடு, பதிவுக் கட்டணம் 2 விழுக்காடு என்றால், 30 லட்சம் மதிப்புள்ள மனைக்கு 2 லட்சத்து 70 ஆயிரம் ரூபாய்.

அந்தச் சாலையில் சானமாவுக் காட்டை நெருங்கி மனை என்றால், ராகி முற்றும் பருவத்தில் கர்நாடகக் காடுகளிலிருந்து யானைக் கூட்டம் இறங்கி வந்து அங்கே தங்கும் என்பதையும் தெரிந்துகொண்டு வாங்குங்கள். மாலையில் சாலையில் வனத்துறை வண்டி நின்று போக்குவரத்தை நிறுத்தி வைப்பதை ஒரு முறை பார்த்தால், இரவு ஷிப்டு முடிந்து இருசக்கர வாகனத்தில் அந்த வழியே திரும்ப மனம் வராது.

விமான நிலையம் என்று சொல்லிப் பாகலூர், பேரிகைப் பக்கம் விற்கிறார்கள். ஓசூரில் 2,000 ஏக்கரில் ஆண்டுக்கு 3 கோடிப் பயணிகளைக் கையாளும் விமான நிலையம் அமையும் என்று முதலமைச்சர் ஸ்டாலின் 2024 ஜூன் மாதம் சட்டமன்றத்தில் அறிவித்தது உண்மை. பெங்களூர் விமான நிலைய ஒப்பந்தத்தில் 150 கிலோமீட்டருக்குள் 2033 வரை வேறொன்று வரக்கூடாது என்ற நிபந்தனை இருப்பதும் உண்மை. தரகர் முதலாவதை மட்டும் சொல்வார்.

பதில் 4: எலெக்ட்ரானிக் சிட்டி

இவ்வளவு சிரமம் எதற்கு? சந்தாபுரத்தில் அடுக்குமாடி வீடு எடுத்தால் பொம்மசந்திரா பக்கத்திலேயே இருக்கிறது. பையனுக்கும் பெங்களூர்ப் பள்ளி கிடைக்குமே.

கேட்டவர்: கிருஷ்ணகிரிக்காரன்

சந்தாபுரம் போனால் என் மனைவி தினமும் மாநில எல்லையையும் ஓசூர் நெரிசலையும் தாண்ட வேண்டியிருக்கும். என்னுடைய இப்போதைய பாட்டை அவர் தலையில் கட்டுவதாகிவிடும் என்பதால் அது வேண்டாம்.

மற்ற மூவருக்கும் நன்றி. ஆசிரியை அம்மா சொன்னபடி மனைவியிடம் தனியாகக் கேட்டேன். பேருந்து நிலையத்துக்கு நடந்து போகும் தொலைவில் வீடு இருந்தால் போதும், மற்றதெல்லாம் உங்கள் விருப்பம் என்றார். இதை நான் முதலிலேயே கேட்டிருந்தால் நான்கு இடங்களுக்குப் பதிலாக ஒரே இடத்தைச் சுற்றிப் பார்த்திருப்பேன்.

செவ்வாய்க்கிழமை விடுப்பு எடுத்துக்கொண்டு, காலை ஏழு மணிக்குப் பாகலூர் சாலையில் நின்று பார்த்தேன். மூக்கண்டப்பள்ளி நண்பர் எச்சரித்த நெரிசலில் எனக்குப் பொம்மசந்திரா போய்ச் சேர 55 நிமிடம் ஆயிற்று. ஜூஜூவாடிக்கு முன்பே இருபது நிமிடம் கழிந்துவிட்டது. இருந்தாலும் ஏழு மணி வரை வீட்டில் இருக்க முடிகிறது என்பதே எனக்குப் பெரிது. பேருந்து நிலையத்திலிருந்து பத்து நிமிட நடையில் ஒரு தரைத்தள வீடு இருக்கிறது. வாடகை 13,500. வீட்டுக்காரர் வீட்டில் தெலுங்கு பேசுகிறார்கள், அம்மாவுக்கும் தெலுங்கு வரும் என்பதால் பேச்சுத் துணைக்குக் குறைவில்லை. அடுப்படிப் பாத்திரத்தின் அடியையும் பார்த்தேன். லேசான படிவுதான், நகத்தால் சுரண்டினால் வந்துவிட்டது. ஆனால் அந்த வீட்டுக்குக் கிழக்கு வெயில் இல்லை, பக்கத்தில் மூன்று மாடி மறைக்கிறது. மார்கழியில் அது தாங்குமா என்று மட்டும் ஆசிரியை அம்மா சொல்லுங்கள். முன்பணம் கொடுக்க வெள்ளிக்கிழமை வரை நேரம் கேட்டிருக்கிறேன்.

பதில் 5: மத்திகிரி ஆசிரியை (பணி ஓய்வு)

மேற்கு வெயிலாவது விழுகிறதா, வாசல் எந்தப் பக்கம், அம்மா படுக்கும் அறைச் சுவர் எதை ஒட்டியிருக்கிறது என்று பாருங்கள். பக்கத்து மாடியின் குளியலறைக் குழாய் அந்தச் சுவரோடு இறங்கினால் ஈரம் கட்டும், அப்படியானால் வேண்டாம். இல்லையென்றால் எடுத்துக்கொள்ளலாம் தம்பி.