ஜப்பானின் கதை சொல்லும் பாறைகள்: நேரில் பார்த்த அனுபவங்கள்

வகாயாமா மாநிலத்தின் தென்கோடியில் குஷிமோதோ என்று ஒரு கடலோர ஊர். அங்கே இருக்கும் ஹாஷிகுய் பாறைகளைப் பற்றி எழுதுகிறேன். டோக்கியோ, கியோத்தோ என்று சுற்றிவிட்டுத் திரும்புபவர்கள் இந்தப் பக்கம் எட்டிப் பார்ப்பதில்லை. அதில் எனக்கு ரொம்ப வருத்தம்.

கரையில் தொடங்கி, எதிரே தெரியும் ஓஷிமா தீவை நோக்கி ஏறக்குறைய 850 மீட்டருக்குச் சுமார் 40 பாறைகள் வரிசைகட்டி நிற்கின்றன. பெளத்தத் துறவி கோபோ தாய்ஷிக்கும் அமனோஜாகு என்ற குட்டிச்சாத்தானுக்கும் பந்தயமாம்: விடிவதற்குள் தீவுக்குப் பாலம் கட்ட வேண்டும். துறவி மளமளவென்று தூண்களை நட்டுக்கொண்டே போக, தோற்றுவிடுவோம் என்று பயந்த அமனோஜாகு சேவல்போலக் கூவிவிட்டது. (அகலிகை கதையின் பொய்க்கோழி நினைவுக்கு வருகிறதா?) பொழுது விடிந்துவிட்டது என்று நம்பி அவர் பாதியில் விட்டுப் போனவைதான் இந்தத் தூண்கள்.

கரையில் நின்று படம் எடுத்துக்கொண்டு கிளம்பிவிடாதீர்கள். கடல் வற்றும் நேரம் பார்த்துப் போனால் பாறைகளின் காலடி வரை நடக்கலாம். நான் அப்படித்தான் போனேன். தூண்கள் வெளிறிய நிறம். தொட்டால் சொரசொரப்பு, நல்ல கெட்டி. கீழே தரையோ கறுத்த சேற்றுப்பாறை, ஓரமெல்லாம் உதிர்ந்து கிடந்தது. சுமார் 1.5 கோடி ஆண்டுகளுக்கு முன் அந்தச் சேற்றுப்பாறையின் பிளவுக்குள் எரிமலைக் குழம்பு ஏறி இறுகியிருக்கிறது. அப்புறம் அலைகள் மென்மையான பாறையை அரித்துக்கொண்டு போக, கெட்டியானது மட்டும் நிமிர்ந்து நிற்கிறது. படித்திருந்தாலும், இரண்டையும் ஒரே நேரத்தில் தொட்டபோதுதான் எனக்கு விளங்கியது.

வரிசைக்கு மேற்கே பெரிய பெரிய உருண்டைக் கற்கள் சிதறிக் கிடக்கும். அவை இந்தத் தூண்களிலிருந்து உடைந்தவை. சாதாரண அலையால் அவ்வளவு தூரம் நகர்த்த முடியாது; 1707-இல் வந்த ஹோயெய் நிலநடுக்கத்தின் சுனாமி போன்ற பேரலைகள்தான் உருட்டியிருக்க வேண்டும் என்கிறார்கள் ஆய்வாளர்கள். அந்தக் கற்களுக்கு நடுவே நின்றால் வயிறு கலங்குகிறது. பாறைகளைவிட அவைதான் என்னை அதிக நேரம் நிறுத்தி வைத்தன.

* * *

அருமை அண்ணா. நான் பார்த்தது மியே மாநிலத்து ஃபுதாமியில் உள்ள மெயோதோ பாறைகள், அதாவது தம்பதிப் பாறைகள். பெரியது 9 மீட்டர், சிறியது 4 மீட்டர். இரண்டையும் தடித்த வைக்கோல் புரியால் பிணைத்திருக்கிறார்கள். அலையும் காற்றும் பட்டு நைந்துபோவதால் ஆண்டுக்கு மூன்று முறை புதுக்கயிறு மாற்றுகிறார்கள். பலருக்குத் தெரியாத விஷயம் ஒன்று: வணக்கத்துக்குரிய கல் இந்த இரண்டும் இல்லை. அது இன்னும் தள்ளிக் கடலுக்கடியில் இருக்கிறது. தம்பதிகள் அதற்கு வாயில்தான். கோடையில் இருவருக்கும் நடுவே சூரியன் உதிக்கும். ஜூன் மாதம் போவது உத்தமம்.

* * *

ஹாஷிகுய்க்கு வயதான அம்மாவைக் கூட்டிப் போகலாமா?

* * *

தாராளமாகப் போகலாம் தங்கச்சி. சாலையை ஒட்டியே ஓய்விடமும் வாகன நிறுத்தமும் இருக்கின்றன. அங்கிருந்தே முழு வரிசையும் தெரியும். குஷிமோதோ ரயில் நிலையத்திலிருந்து நடந்தால் அரை மணி நேரம் ஆகும், அம்மாவுக்கு டாக்ஸி பிடித்துவிடுங்கள். கீழே இறங்குவதானால் பிடிப்பான செருப்பு அவசியம், பாசி வழுக்கும்.