கருணை மனு பற்றிப் பேச ஒரு வழக்கறிஞர் வேண்டும்

வணக்கம். நாங்கள் வேலூர் தொரப்பாடி. வரும் ஞாயிறு எங்கள் வாசகர் வட்டத்தில் மரண தண்டனை பற்றி விவாதம்.

2011 செப்டம்பர் 9-ல் இங்கே மத்திய சிறையில் ராஜீவ் காந்தி கொலை வழக்கில் தண்டனை பெற்ற பேரறிவாளன், முருகன், சாந்தன் மூவருக்கும் தூக்கு என்று நாள் குறித்திருந்தார்கள். ஆகஸ்ட் 30-ல் உயர் நீதிமன்றம் தடை கொடுத்த சேதி வந்ததும், அப்பா டீ கிளாஸைக் கீழே வைத்துவிட்டுத் துண்டால் கண்ணைத் துடைத்துக்கொண்டார். 2014-ல் உச்ச நீதிமன்றம் அதை ஆயுளாகக் குறைத்ததற்குக் காரணமே, கருணை மனு 11 ஆண்டுகள் கிடப்பில் கிடந்ததுதான்.

தூக்கு கூடாது என்பதுதான் என் எண்ணம். ஆனாலும் ராஜீவ் காந்தியைக் கொன்ற அந்தக் குண்டுவெடிப்பில் ஆளைப் பறிகொடுத்த வீட்டாரை மறந்து பேச மனம் வரவில்லை.

தண்டனையைக் குறைக்கவும் மன்னிக்கவும் குடியரசுத் தலைவருக்கும் ஆளுநருக்கும் அதிகாரம் தரும் அரசியலமைப்பின் 72, 161 பிரிவுகளை எளிய தமிழில் விளக்க யாராவது வர முடியுமா? போக்குவரத்துச் செலவு எங்களுடையது. உள்பெட்டியில் சொல்லுங்கள்.